சிவப்புக் குழாயில் என்ன இருந்தது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஆசிட் மிஸ். என் முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுகிறார்கள், ஆனாலும் எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். வேதியியல் நடத்துகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன கிடைத்துவிடும்? என் வீட்டுக்காரருக்கும் அதே பள்ளியில்தான் வேலை. அவர் கணக்கு வாத்தியார். அவருக்குப் பட்டப்பெயர் கிடையாது. போகிற இடமெல்லாம் நல்ல பெயர் வாங்கி வைத்திருக்கும் மனிதருக்குப் பட்டப்பெயர் எதற்கு?

பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிவிட்டால் நாங்கள் ஒருவரை ஒருவர் சார் என்றும் மேடம் என்றும்தான் கூப்பிட்டுக்கொள்வோம். காலையில் "என்னங்க, சாவி எங்க வச்சீங்க?" என்று கத்தியவள் அரைமணி நேரத்தில் "சார், அட்டெண்டன்ஸ் இங்க இருக்கு" என்பேன். ஆசிரியர் அறையில் எல்லாரும் வாய்க்குள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பிரச்சினை ஆய்வகத்தில் ஆரம்பித்தது. கோடை விடுமுறையில் மேசைகளை எல்லாம் பெயர்த்துப் போட்டுவிட்டு, அந்த அறையில் பெரிய திரை மாட்டப்போவதாகப் பிரின்சிபல் மேடம் சொன்னார்.

"எல்லா எக்ஸ்பெரிமென்டும் வீடியோவுல வந்துடுது மேடம். பெரிசா, கலர் கலராத் தெரியுது. பாட்டில் உடையுது, கை பொசுங்குதுன்னு எந்தத் தொல்லையும் இல்ல."

"வீடியோவுல எப்பவும் சரியாத்தான் வரும் மேடம். அதுதான் அதுல இருக்கற கோளாறே" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் விடவில்லை. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெயர் சொல்லாமல் நாலு உலோகங்களைக் கொடுங்கள், அமிலத்தில் போட்டுப் பார்த்து எது எது என்று அவர்களே சொல்வார்கள், நிர்வாகக் குழுவே வந்து பார்க்கட்டும் என்றேன். இந்தப் பேச்சு பள்ளி நிர்வாகக் குழுச் செயலாளரின் காது வரைக்கும் போனது. அவர் கட்டடச் சாமான் வியாபாரி, நேராகப் பேசுகிறவர். "சரிம்மா. புள்ளைங்க சரியாச் சொல்லிட்டா லேப் இருக்கட்டும். சொல்லலேன்னா திரை மாட்டிடுவோம். அப்புறம் நீ சண்டைக்கு வரக் கூடாது" என்றார். ஒத்துக்கொண்டேன். திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உலோகம் அமிலத்தோடு வினைபுரிந்தால் உப்பும் ஹைட்ரஜன் வாயுவும் கிடைக்கும். அதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பவனுக்கு முழு மதிப்பெண். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். மெக்னீசியம் முன்கோபி. அமிலம் பட்ட நொடியே நுரைத்துப் பொங்கித் தானும் கரைந்து காணாமல் போய்விடும். ("உங்கள மாதிரியா மிஸ்?" என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. யார் என்று தெரிந்தும் விட்டுவிட்டேன்.) துத்தநாகம், பிள்ளைகள் வாயில் ஜிங்க், நிதானமான ஆள். ஆரம்பித்தால் ஒரே சீராகக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். இரும்பு சோம்பேறி. உற்றுப் பார்த்தால்தான் ஊசிமுனை அளவு குமிழிகள் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

அலுமினியம்தான் ஆளை ஏமாற்றும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் இருக்கிறது. அதை அமிலம் கரைக்கும்வரை ஒன்றுமே நடக்காது. சரி, இது தேறாது என்று நாம் குழாயைக் கீழே வைக்கப் போகும் நேரத்தில் திடீரென்று குபுகுபுவென்று கிளம்பும். குழாய் கையைச் சுடும்.

வகுப்பில் கொசு என்று ஒரு பெண் உண்டு. ஆளும் அந்த அளவுதான், காதோரம் வந்து கேள்வி கேட்டு உயிரை எடுப்பதும் அப்படித்தான். மற்றவர்கள் அலுமினியத்தைக் கைவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனபோது அவள் மட்டும் குழாய்க்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். "மிஸ், முழிச்சிடுச்சு! முழிச்சிடுச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். எனக்குச் சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது.

எல்லாருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "கண்ணுல பட்டதைச் சொல்லுங்க. புக்குல இருக்கறது எனக்கே தெரியும். குமிழி வரலேன்னா வரலேன்னு சொல்லு. தப்பில்ல. வராததை வந்துச்சுன்னு சொன்னா மட்டும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அவரும் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். நாலு உலோகத் தகடுகளையும் ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தார். மூன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அலுமினியத்தைத் தேய்க்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார், படலத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியாது. அதனால் துண்டுகளில் வண்ண நூல் கட்டினோம். மெக்னீசியத்துக்குச் சிவப்பு, துத்தநாகத்துக்கு நீலம், இரும்புக்குப் பச்சை, அலுமினியத்துக்கு மஞ்சள். முடிச்சுப் போடுவதில் அவர் கை சுத்தம். விசிலடித்துக்கொண்டே கட்டினார்.

"இதெல்லாம் அதுங்களுக்குப் புரியும்னு நினைக்கறியா?" என்று இடையில் ஒருமுறை கேட்டார்.

"பார்த்துட்டே இருங்க" என்றேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு. அவர் அங்கே போனார். நான் ஆய்வகத்தைத் திறந்து, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சிவப்பு நூல் கட்டிய துண்டு ஒன்றை அமிலத்தில் போட்டேன். துண்டு பொங்கியது. கூடவே நூலின் சாயமும் இறங்கி, குழாய் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. என் தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் வேதியியல் நடத்துகிறவளுக்குச் சாயம் போகும் என்று தெரிய வேண்டாமா?

நூலின் நிறத்தைப் பார்த்து நாலு உலோகத்தையும் நாலு குவியலாகப் பிரித்துக்கொண்டு, நூல்களை எல்லாம் வெட்டி எறிந்தேன். வகை வகையாகக் குழாய்களில் போட்டு, குழாயின் வெளிப்பக்கம் வண்ணக் காகிதம் ஒட்டினேன். காகிதத்தின் நிறம் முந்தின நாள் நூலோடு ஒத்துப்போகிறதா என்று நான் பார்க்கவில்லை. கைக்கு வந்த காகிதத்தை ஒட்டினேன். இரும்புக்குச் சிவப்பு வந்தது. அலுமினியத்துக்கு நீலம், மெக்னீசியத்துக்குப் பச்சை, துத்தநாகத்துக்கு மஞ்சள். இந்த வரிசை என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

செயலாளர் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். ஒரு அம்மாள் உள்ளே வந்ததுமே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இன்னொருவருக்குக் கைப்பேசியில்தான் கண். பிரின்சிபல் மேடம் ஓரமாக நின்றார். பிள்ளைகள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேசைக்கு நாலு பேராக நின்றார்கள். கடைசி நிமிஷத்தில் கணக்கு சாரும் வந்து கதவருகே நின்றார். எனக்குத் தைரியமாக இருந்தது.

"ஆசிட் ஊத்துங்க. அஞ்சு நிமிஷம் பாருங்க. அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

ஊற்றினார்கள். பச்சைக் குழாய்கள் எல்லா மேசையிலும் ஒன்றாகப் பொங்கின. மஞ்சளில் சீராகக் குமிழி. சிவப்பு மந்தம். நீலம் அசையவே இல்லை. எட்டத்தில் நின்ற எனக்கே பளிச்சென்று தெரிந்தது. முதல் மேசையில் உயரமான பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சிவப்பு மெக்னீசியம் சார். வேகமாப் பொங்குது."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவன் கையில் இருந்த சிவப்புக் குழாயில் இரும்பு தேமே என்று கிடந்தது. "நீலம் ஜிங்க். ஒரே சீராக் குமிழி வருது. பச்சை இரும்பு, ரொம்ப மெதுவா வருது. மஞ்சள் அலுமினியம், முதல்ல ஒண்ணும் நடக்காது, அப்புறம்தான் வரும்."

நீலத்தில் ஒரு குமிழிகூட இல்லை. மெதுவாக வருகிறது என்று அவன் சொன்ன பச்சைக் குழாயில் நுரை வாய்வரை ஏறியிருந்தது.

"வெரி குட்" என்றார் செயலாளர்.

இரண்டாவது மேசையும் அதையே சொன்னது. மூன்றாவதும். வார்த்தை மாறவில்லை. இது ஞாயிற்றுக்கிழமை வரிசை. என் சாப்பாட்டு மேசையில் கட்டிய நூலின் வரிசை. அப்போதும் என் புத்தி கதவுப் பக்கம் போகவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக யாராவது பார்த்திருப்பார்களா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

கொசுவின் மேசை கடைசி. அவள் எழுந்திருக்கவில்லை. நீலக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நீலம் விழித்துக்கொண்டது. அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறந்தாள். பிறகு தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள். கணக்கு சார் லேசாகத் தலையசைத்தார்.

"நீலம் ஜிங்க் மிஸ்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோபம்கூட வரவில்லை. நான்தானா இந்த அறையில் நிற்கிறேன் என்று இருந்தது.

செயலாளர் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். "அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்களேம்மா! லேப் இருக்கட்டும். நான் சொன்னா சொன்னதுதான்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஆய்வகம் அப்படியே என் கையில் இருந்திருக்கும். என்னால் முடியவில்லை.

"சார், எல்லாமே தப்பு" என்றேன். "சிவப்புல இருக்கறது இரும்பு. பச்சைதான் மெக்னீசியம். காலையில நான் வரிசையை மாத்திட்டேன். இவங்க சொன்னது நேத்து இருந்த வரிசை."

"நேத்து இருந்த வரிசை இவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

நான் கதவருகே நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரே வார்த்தை போதும், நான்தான் சொன்னேன் என்று. அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பேன், சத்தியமாக.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேடம் ரெண்டு நாளா சரியாத் தூங்கல சார். காலையில அவசரத்துல மாத்தியிருக்காங்க, எது எதுன்னு அவங்களுக்கே குழம்பிப்போச்சு போல. முப்பது புள்ளைங்க ஒரே மாதிரி சொல்றாங்க. முப்பது பேருமா தப்பாச் சொல்வாங்க?"

மேடம் என்றார். கூசாமல் மேடம் என்றார்.

"குழாயைப் பாருங்க சார்!" என்று நான் கத்திவிட்டேன். செயலாளர் பாவம், குனிந்து பார்த்தார். அதற்குள் காலம் கடந்திருந்தது. பச்சையில் மெக்னீசியம் முழுக்கக் கரைந்து வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. நீலம் பொங்கிக்கொண்டிருந்தது. ஆரம்பத்திலிருந்து பார்க்காதவருக்கு அதில் என்ன தெரியும்? "எல்லாத்துலயும்தான் ஏதோ வருதும்மா" என்றார். துண்டுகள் மிச்சம் இருக்கின்றன, இன்னொரு தடவை செய்து காட்டுகிறேன் என்றேன். கைக்குட்டை அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும்மா. நாங்க பார்த்தாச்சு" என்றார் செயலாளர். குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "லேப் இருக்கும், கவலைப்படாத. ஆனா ஆசிட் சமாச்சாரம், குழப்பம் வந்தா ஆபத்து. இனிமே மேற்பார்வைய கணக்கு சார் பார்த்துக்கட்டும். என்ன சார்?"

மறுத்துவிடுவார் என்று அப்போதும் எனக்குள் ஒரு நப்பாசை.

"சரிங்க சார்" என்றார்.

மணி அடித்து எல்லாரும் போனபிறகு நான் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்று கை தவறி உடைந்தது. திரும்பினால் கொசு நிற்கிறாள்.

"சிவப்பு இரும்பு. நீலம் அலுமினியம். பச்சை மெக்னீசியம். மஞ்சள் ஜிங்க்" என்றாள் ஒரே மூச்சில். "சரியா மிஸ்?"

"சரி."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல? நான் உனக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்?"

அழ ஆரம்பித்தாள். "மாத்திச் சொன்னா லேபை எடுத்துடுவாங்கன்னு சார் காலையில சொன்னாரு. நாங்களா எதையும் யோசிக்கக் கூடாதாம், அவர் குடுத்ததை அப்படியே சொல்லணுமாம். இல்லேன்னா உங்களுக்குத்தான் அவமானம்னாரு. உங்களுக்காகத்தான் மிஸ்."

"உனக்கு மட்டும்தான் தெரிஞ்சுதா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சுது மிஸ். பச்சை பொங்கினதுமே எங்க டேபிள்ல சிரிச்சுட்டாங்க, சார் தப்பாச் சொல்லிட்டாருன்னு. பக்கத்து டேபிள்லயும்தான். எல்லாரும் சாரைப் பார்த்தாங்க. அவர் சொல்லு சொல்லுன்னு கை காட்டினாரு."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போகச் சொன்னேன். அவள் போனபிறகு ஈரக் கையோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அத்தனை பேரும் கற்றுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் சரியாகப் பார்த்திருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் நடத்தியதிலேயே நல்ல வகுப்பு அதுதான், அதை ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி ஆக்கிவிட்டார்.

சாயங்காலம் வழக்கம்போல வாசலில் பைக்கை ஓடவிட்டபடி எனக்காகக் காத்திருந்தார். ஒன்றும் நடக்காத மாதிரி முகம்.

"இன்னும் கோபமா? லேப் பிழைச்சுதில்ல? மேற்பார்வை சும்மா பேருக்குத்தான். எல்லா வேலையும் நீதான் பார்க்கப்போற."

"ஏன் சொன்னீங்க அதுங்ககிட்ட?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? அதுங்க கோட்டை விட்டிருந்தா நீ தாங்குவியா? உனக்காகத்தான் பண்ணேன்."

"எனக்குக் குழம்பிப்போச்சுன்னு சொன்னது? அதுவும் எனக்காகவா?"

தலைக்கவசத்தின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். "அத்தனை பேர் முன்னாடி நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு எப்படிச் சொல்ல முடியும்? என் பேரு என்ன ஆகறது?"

"அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துதுங்க" என்றேன். "எல்லாருக்கும். நாலையும் சரியாக் கண்டுபிடிச்சிருக்காங்க. நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தாப் போதும்."

பைக்கை அணைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே அசந்துபோயிருந்தார்.

"நிஜமாவா? அந்த வகுப்பா?" என்றார். "பரவாயில்லையே!"

கதவருகே அவர் தலையசைத்தது கூட இவ்வளவு வலிக்கவில்லை. தினமும் ராத்திரி சாப்பாட்டில் கொசுவைப் பற்றி, அலுமினியத்தைப் பற்றி, பின்வரிசைப் பையனைப் பற்றிச் சொல்வேன். உம் கொட்டிக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். அத்தனை நாளும் என்னை நம்பாமலேதான் உம் கொட்டியிருக்கிறார். நான் பாடம் நடத்தி யாருக்காவது ஏதாவது புரிந்திருக்கும் என்பது அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் செய்தி.

"ஏறு. எல்லாரும் பார்க்கறாங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"நீங்க போங்க" என்றேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பஸ்கள் வந்து போயின. எது எங்கள் வீட்டுப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவர் பின்னால் உட்கார்ந்துதான் போய் வந்திருக்கிறேன்.